நார்ஸ்மேன்: மிதவைக்காகப் பிறந்து போருக்குப் போன விமானம்

கேள்வி இதுதான்: ஜாஸ் இசைக்காரர் க்ளென் மில்லர் 1944-ல் ஏறிப் போய்க் காணாமல் போன நார்ஸ்மேன் என்பது ராணுவ விமானமா, சாதாரணச் சரக்கு விமானமா? கனடாவின் காட்டு ஏரிகளில் ஓடியது போருக்கு எப்படி வந்தது? பிறகு ஏன் காணாமல் போனது? அது இன்றைக்குக் கடலடியில் கிடைக்குமா?

நார்ஸ்மேன் ராணுவத்துக்காக வரையப்பட்ட விமானமே அல்ல. ஆனால் செய்யப்பட்ட 900 சொச்சத்தில் 750 அளவில் அமெரிக்க ராணுவ விமானப் படைக்குப் போனவை. போர் வரவில்லை என்றால் இருபது முப்பது விமானங்களோடு கம்பெனி கடையைக் கட்டியிருக்கும். அதே போர்தான் பிற்பாடு அதன் வியாபாரத்தையும் கெடுத்தது.

முதலில் 'புஷ்' என்ற சொல். கனடாக்காரர்கள் புஷ் என்று சொல்வது சாலையும் தண்டவாளமும் இல்லாத வடக்குக் காட்டை. அங்கே விமான நிலையம் கிடையாது, லட்சக்கணக்கில் ஏரிகள் உண்டு. கோடையில் ஏரி தண்ணீர், குளிர்காலத்தில் அதே ஏரி பல அங்குலம் கெட்டியான பனித்தரை. ஆக விமானத்துக்குக் கோடையில் மிதவை, குளிரில் சறுக்குக் கட்டை, தெற்கே பழுதுபார்க்கப் போகும்போது சக்கரம் என்று மூன்று கால்கள் வேண்டும். 1925-ல் ஒன்டாரியோவின் ரெட் லேக் பக்கம் ஹோவி சகோதரர்கள் தங்கம் கண்டதிலிருந்து இந்தத் தேவை வேகமெடுத்தது. ஃபோக்கர் யுனிவர்சல், ஃபேர்சைல்ட், பெல்லாங்கா, ஜங்கர்ஸ் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஓட்டினார்கள். அவற்றில் பெரும்பாலானவை சக்கரத்துக்காக வரைந்து, பிறகு மிதவைமேல் ஏற்றப்பட்டவை.

இதில் என்ன சிக்கல் என்றால், மிதவை வெறும் செருப்பு மாதிரி மாட்டிக்கொள்ளும் சாமான் இல்லை. பல நூறு பவுண்டு எடையை உடலுக்குக் கீழே தொங்கவிடுகிறோம். அதன் முனை விமானத்தின் எடை மையத்துக்கு முன்னே நீட்டிக்கொண்டிருப்பதால், பக்கக் காற்றில் மூக்கை இழுத்துக்கொண்டு போகும். அதை ஈடுகட்ட வாலில் பரப்பு போதவேண்டும். கிளம்பும்போது எழும் நீர்த்தூவல் புரொப்பெல்லர் நுனிகளை அரிக்கும், ஆகவே மூக்கு உயரமாக இருக்கவேண்டும். இறங்கும்போது அலையில் விழும் அடி முழுவதும் இணைப்புப் புள்ளிகள் வழியாக உடல் சட்டத்துக்கு ஏறும். சக்கர விமானத்தில் அந்த இடங்களில் சட்டத்துக்கு அவ்வளவு பலம் வைத்திருக்க மாட்டார்கள். கதவோ பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். படகுத்துறையில் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான் விமானம் அணையும் என்பதைச் சக்கர விமானம் வரைந்தவர் யோசித்திருக்க மாட்டார்.

இதையெல்லாம் தலைகீழாகத் திருப்பிப் போட்டவர் ராபர்ட் நூர்டுய்ன். நெதர்லாந்தின் நைமேகனில் 1893-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் சாப்வித், ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த், பிறகு அமெரிக்காவில் ஃபோக்கர், பெல்லாங்கா, பிட்கெய்ர்ன் என்று வரிசையாக வேலை பார்த்தவர். ஃபோக்கர் யுனிவர்சல் அவர் கைவண்ணம். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும். முப்பதுகளின் நடுவில் மான்ட்ரியாலின் கார்ட்டியர்வில்லில் சொந்தக் கம்பெனி தொடங்கி, மிதவை விமானத்தையே முதலில் வரைந்தார். சக்கரமும் சறுக்கும் அதற்கு மாற்றுக் கால்கள். 14 நவம்பர் 1935 அன்று சிஎஃப்-ஏஒய்ஓ என்ற பதிவெழுத்தோடு முதல் நார்ஸ்மேன் கிளம்பியதும் ஓடுபாதையிலிருந்து அல்ல, செயின்ட் லாரன்ஸ் ஆற்று நீரிலிருந்து. 1936 ஜனவரியில் டொமினியன் ஸ்கைவேஸ் அதை வாங்கிக்கொண்டது. 1941-ல் படமாக்கப்பட்ட ஒரு ஹாலிவுட் படத்தில்கூட அது தலைகாட்டியது. 1952-ல் அல்கான்குவின் பூங்காவில் விழுந்து நொறுங்கியது. மிச்சங்கள் சூ செயின்ட் மேரியில் உள்ள புஷ் விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கட்டுமானத்தில் புரட்சி எதுவும் கிடையாது, வேண்டுமென்றே கிடையாது. உடல் பற்றவைத்த எஃகுக் குழாய்ச் சட்டம். இறக்கையின் உத்தரங்களும் விலாக்களும் மரம். எல்லாவற்றின்மேலும் பருத்தித் துணி போர்த்து, டோப் என்னும் பூச்சு அடித்து இறுக்கியது. 1935-ல் முழு உலோக விமானம் புதுமை இல்லை. ஆனால் ஏரிக்கரையில் வளைந்த அலுமினியத் தகட்டை ஒன்றும் செய்ய முடியாது. குழாயைப் பற்றவைக்கலாம், கிழிந்த துணியைத் தைத்து ஒட்டலாம். ஸ்ப்ரூஸ் மரமோ கரையிலேயே நிற்கிறது (அவசரத்துக்கு மட்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்; விமானத்தைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர் ஒப்புக்கொள்ள மாட்டார்). இறக்கை மேலே இருந்ததால் துறைமேல் இடிக்காமல் மேலே போகும், சாமான் ஏற்றுவதற்கும் தடையில்லை. இறக்கை விரிப்பு 51 அடி 6 அங்குலம், நீளம் சுமார் 32 அடி, இறக்கைப் பரப்பு 325 சதுர அடி. ஃபிளாப்பை (தூக்கு விசையைக் கூட்ட இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் பலகை) இறக்கினால் எயிலரான்களும் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் பலகைகள்) கூடவே கொஞ்சம் தொங்கும்; அதாவது முழு இறக்கையுமே ஓரளவு ஃபிளாப் ஆகிவிடும். குட்டை ஏரியில் கிளம்பவும் இறங்கவும் அதுதான் கைகொடுத்தது.

முதல் வடிவத்தில் குறை என்ஜின்தான். 420 குதிரைத்திறன் ரைட் வேர்ல்விண்ட் அந்த உடம்புக்குப் போதவில்லை. மிதவையும் முழுச் சுமையும் சேர்ந்தால் நீரை விட்டு எழவே யோசித்தது. மார்க் 3-ல், அதாவது மூன்றாம் வடிவத்தில், 450 குதிரைத்திறன் வாஸ்ப் ஜூனியர். மார்க் 4-ல் பிராட் அண்ட் விட்னி ஆர்-1340 வாஸ்ப், 600 குதிரைத்திறன். இதற்குப் பிறகுதான் அது நாம் அறிந்த நார்ஸ்மேன் ஆனது. அந்த என்ஜின் 9 சிலிண்டர் ரேடியல் (சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் வகை), 1340 கன அங்குலம், நம் கணக்கில் 22 லிட்டர். புரொப்பெல்லருக்கு நடுவே கியர் கிடையாது, கிராங்க் சுற்றும் அதே வேகத்தில் அதுவும் சுற்றும். சுமார் 9 அடி விட்டம், நிமிடத்துக்கு 2250 சுற்று என்றால் நுனியின் வேகம் நொடிக்கு 323 மீட்டர். 15 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் 340. பூச்சியத்துக்குக் கீழ் 20 டிகிரியில் 319. ஆக, குளிர்காலக் காலையில் இது கிளம்பும்போது நுனி ஒலியைத் தாண்டிவிடும். ஏரிக்கு அந்தப் பக்கம் தூங்குபவரும் எழுந்துவிடுவார். 'தண்டர் சிக்கன்' என்று பட்டப்பெயர் வந்ததில் அந்தச் சத்தத்துக்கும் பங்குண்டு என்றுதான் தோன்றுகிறது.

விமானம் நன்றாக இருந்தது, வாங்கத்தான் ஆளில்லை. 1940 வரை விற்றவை மொத்தம் 17. வடக்குக் கம்பெனிகள் சில, கனடாவின் குதிரைப்படைப் போலீஸ், அவ்வளவுதான். பொருளாதார மந்தக் காலம். உள்ள பழைய ஃபோக்கரை ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

போர் வந்தது. முதல் பெரிய ஆர்டர் கனடா விமானப் படையிடமிருந்து: 38 மார்க் 4. சண்டைக்கு அல்ல. பிரிட்டிஷ் காமன்வெல்த் பயிற்சித் திட்டத்தில் ரேடியோக்காரர்களையும் வழிகாட்டிகளையும் உட்காரவைத்துப் பழக்குவதற்கு. அகலமான அறை, மெதுவான வேகம், உயரத்தில் இறக்கை என்பதால் ஜன்னல் வழியே தரை தெரியும். பறக்கும் வகுப்பறைக்கு வேறென்ன வேண்டும்? அதே கம்பெனி அதே கார்ட்டியர்வில்லில் ஹார்வர்ட் பயிற்சி விமானங்களை 2,500-க்கும் மேல் உரிமம் வாங்கிச் செய்து கொடுத்தது. ஹார்வர்டிலும் இதே ஆர்-1340 தான். இந்தத் தற்செயல்தான் பிற்காலத்தில் நார்ஸ்மேனுக்கு ஆயுளைக் கொடுத்தது: சிலிண்டர், மேக்னெட்டோ, கார்புரேட்டர் என்று எது போனாலும் உலகத்தில் எங்கோ ஒரு ஹார்வர்ட் கிடங்கில் அது கிடைத்தது. வாஸ்ப் மொத்தம் சுமார் 35,000 செய்யப்பட்டது.

அமெரிக்கர்கள் வந்த வழிதான் சுவாரஸ்யமானது. அட்லாண்டிக்கைத் தாண்டிப் போர் விமானங்களை ஐரோப்பாவுக்கு ஓட்டிக்கொண்டு போக, கிரீன்லாந்தில் இடைத்தளங்கள் தேவைப்பட்டன. அங்கே தளம் அமைக்கும் பொறுப்பில் இருந்த கர்னல் பெர்ன்ட் பால்கன், நார்வேயில் பிறந்தவர், 1929-ல் துருவப் பயணி ரிச்சர்ட் பர்டைத் தென்துருவத்துக்குமேல் ஓட்டிச் சென்றவர். அதற்கும் முன்னால், 1927-ல், ஹட்சன் விரிகுடாவின் சர்ச்சிலுக்கு ஆளும் சாமானும் ஏற்றிப்போன விமானிகளில் அவரும் ஒருவர். எதில்? ஃபோக்கர் யுனிவர்சலில், நூர்டுய்ன் கைவண்ணத்தில். ஆகவே உறைந்த ஃபியோர்டில் (மலைகளுக்கு நடுவே நுழையும் கடல் இடுக்கு) இறங்கி ஆளை எடுத்துவர எது சரிப்படும் என்று அவரிடம் கேட்டபோது பதில் தயாராக இருந்தது. கனடாவின் ஆர்டரிலிருந்து 7 மார்க் 4 விமானங்களைத் திருப்பி வாங்கி 1942-ல் சோதித்தார்கள். பிறகு சுமார் 750-க்கு ஆர்டர். ராணுவப் பெயர் சி-64ஏ, பின்னால் யூசி-64ஏ. கம்பெனிக் கணக்கில் மார்க் 6.

ராணுவம் அதை என்ன செய்தது என்றால், கொழுக்கவைத்தது. வயிற்றில் இரண்டு கூடுதல் டாங்க் போட்டு எரிபொருள் கொள்ளளவு 201 இம்பீரியல் காலன், அதாவது 914 லிட்டர் ஆனது. வேண்டுமென்றால் அறைக்குள் இன்னொரு 32 காலன் டாங்கும் வைக்கலாம். ரேடியோக்களும் மற்ற சாமான்களும் சேர்ந்து, கிளம்பும் எடை உச்சவரம்பு சுமார் 1,000 பவுண்டு ஏறி சக்கரத்தில் 7,400 பவுண்டு, மிதவையில் 7,540 பவுண்டு (3,420 கிலோ) ஆயிற்று. இறக்கையும் என்ஜினும் பழையவையே. தூரம் போகும் திறன் கூடியது. ஏறும் வேகமும், குட்டை இடத்தில் எழும் திறமும் குறைந்தன. போருக்குப் பின் மார்க் 6 வாங்கிய புஷ் கம்பெனிக்காரர்கள் பலர் செய்த முதல் வேலை, தேவையற்ற ராணுவ எடையைக் கழற்றி எறிந்ததுதான்.

வடக்கில் மட்டும் அது ஓடவில்லை. ஆஸ்திரேலிய விமானப் படைக்கு 14 போயின. நம் பக்கத்துக்கும் வந்தது: 1944-ல் பர்மாப் போர்முனைக்காக அசாமின் ஹைலாகாண்டி, லாலாகாட் தளங்களில் இருந்த முதல் ஏர் கமாண்டோ பிரிவில் 12 நார்ஸ்மேன்கள் இருந்தன. டகோட்டா என்ற பெரிய சரக்கு விமானம் இறங்க இடம் போதாது, எல்-5 போன்ற குட்டி விமானத்தில் சுமை போதாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வேலை இதற்கு. பனியில் பிறந்த விமானம் பருவமழைச் சேற்றில் உழைத்தது. துணியும் மரமும் ஆன இறக்கை ஈரவெப்பத்தில் என்ன பாடுபடும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பூஞ்சை பருத்தி நூலைத் தின்னும், பசை இளகும்.

இனி மில்லர். 15 டிசம்பர் 1944, இங்கிலாந்தில் பெட்ஃபர்ட் அருகே ட்வின்வுட் ஃபார்ம் தளம். விமானி ஜான் மார்கன், லெப்டினன்ட் கர்னல் நார்மன் பேசல், மேஜர் க்ளென் மில்லர், மூன்றே பேர். பாரிஸுக்குப் போகவேண்டிய யூசி-64ஏ, எண் 44-70285. மூடுபனி, தாழ்ந்த மேகம், உறைநிலையை ஒட்டிய வெப்பம். கிளம்பியது, அவ்வளவுதான். திரும்பி வந்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் இங்கிலீஷ் கால்வாய்க் கடலில் கொட்டிய குண்டு பட்டது என்ற கதை 1980-களில் பரவியது. கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் இந்த என்ஜினை அறிந்தவர்கள் முதலில் பார்ப்பது கார்புரேட்டரை.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும். குறுகலான கழுத்தில் காற்று விரைந்து விரிவதாலும் குளிரும். இரண்டும் சேர்ந்து உள்ளே 20 டிகிரி, சில சமயம் அதற்கு மேலும் இறங்கும். ஆகவே வெளியே 10 டிகிரி இருந்தாலும் உள்ளே ஐஸ் கட்டும்; வேண்டியது ஈரம் மட்டும். மைனஸ் 30-ல் பறக்கும் கனடாக்காரருக்கு இந்தப் பயம் குறைவு, ஏனென்றால் அந்தக் காற்றில் ஈரமே இல்லை. ஆபத்து இருப்பது இங்கிலாந்தின் டிசம்பர் மூடுபனியில்தான். நிலையான சுற்று வேகப் புரொப்பெல்லர் இருந்தால் இன்னொரு தந்திரமும் நடக்கும்: ஐஸ் கட்டி என்ஜின் மூச்சுத் திணறினாலும் சுற்று குறையாது, புரொப்பெல்லர் தானே கோணத்தை மாற்றிச் சமாளித்துவிடும். தெரிவது மேனிஃபோல்ட் அழுத்த முள்ளில் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டுவது) மட்டும். 28 அங்குலத்தில் வைத்தது கையே படாமல் 26, 25 என்று இறங்கும். அதைப் பார்த்தவுடன் கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் ஹீட் லீவரை முழுக்க இழுக்கவேண்டும். இழுத்ததும் என்ஜின் இன்னும் மோசமாக இருமும், உருகிய ஐஸ் தண்ணீராக உள்ளே போகிறதல்லவா. புது விமானி பயந்து லீவரைத் திரும்பத் தள்ளுவார்; அதுதான் கடைசித் தவறு. அரைகுறையாக இழுப்பதும் கெடுதல்: உறைந்த துகளாக ஒட்டாமல் போயிருக்கவேண்டிய ஈரத்தை, ஒட்டும் வெப்பத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

மேகத்துக்கு அடியில் தாழப் பறக்கும்போது இது நடந்தால் சில நொடிகள்தான். மடங்காத சக்கரக் கால்கள் தண்ணீரில் பட்டதும் விமானம் குப்புறக் கவிழும். டிசம்பர் கடலில் அதற்குப் பிறகு அதிக நேரம் கிடையாது. மில்லர் ஏறியது சக்கர நார்ஸ்மேன். மிதவை நார்ஸ்மேனாக இருந்திருந்தால் இந்தப் பத்தியின் முடிவு வேறாக இருந்திருக்கலாம். திறந்த கடல் அலையில் அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

போர் முடிந்தது, நூற்றுக்கணக்கான யூசி-64ஏ உபரிச் சந்தைக்கு வந்தது. புதியதின் விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கும்போது யார் புதிது வாங்குவார்கள்? நூர்டுய்ன் 1946-ல் உரிமையை கனேடியன் கார் அண்ட் ஃபவுண்ட்ரியிடம் விட்டார். அவர்கள் ஃபோர்ட் வில்லியமில் மார்க் 5 செய்தார்கள். 4-க்குப் பிறகு 6 முன்னே வந்து 5 பின்னே வந்ததற்குக் காரணம் உண்டு: ரோமன் எண்ணில் 5 என்பது V, வெற்றியைக் குறிக்கும் 'விக்டரி' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து; அதை வெற்றிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1951-ல் உலோக இறக்கையோடு மார்க் 7 ஒன்றே ஒன்று வந்தது, பின்னாளில் கொட்டகைத் தீயில் எரிந்துபோனது. 1953-ல் நூர்டுய்ன் சில முதலீட்டாளர்களோடு வந்து அச்சுகளையும் உரிமையையும் திரும்ப வாங்கினார். கடைசி நார்ஸ்மேன் டிசம்பர் 1959-ல் வெளியேறியது. அவர் இறந்ததும் அதே ஆண்டு.

இடையில் டி ஹாவிலண்ட் கனடா 1947-ல் பீவரையும், 1951-ல் ஆட்டரையும் பறக்கவிட்டது. ஆட்டருக்கும் அதே வாஸ்ப் குடும்பம்தான், ஆனால் கியர் வைத்தது; மெதுவாகச் சுற்றும் பெரிய புரொப்பெல்லர், முழு உலோக உடம்பு, கிளம்பும் எடை 8,000 பவுண்டு. அதே குதிரைத்திறனில் கூடுதல் சுமை, கிளம்பக் குறைந்த ஓட்டம், குறைந்த சத்தம். இது நேர்மையான தோல்வி. நார்ஸ்மேன் பக்கம் நின்று வாதாடுபவர்கள் அதன் வேகத்தைச் சொல்வார்கள். ஏரியிலிருந்து ஏரிக்குப் போகும் நாற்பது நிமிஷப் பயணத்தில் வேகம் என்ன பெரிய லாபம்?

இருந்தாலும் அது நாற்பது ஐம்பது வருஷம் உழைத்தது. அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று தெரிய ஒரு குளிர்கால இரவைப் பார்க்கலாம். மாலையில் ஏரிப் பனிமேல் இறங்கியதும் விமானியின் முதல் வேலை இரவு உணவு இல்லை, ஆயில். சூடு ஆறுவதற்குள் என்ஜின் ஆயிலை வாளிகளில் வடித்து எடுத்துக் குடிசைக்குள் அடுப்பருகே வைக்கவேண்டும். இல்லாவிட்டால் காலையில் அது தார். அடுத்தது சறுக்குக் கட்டை. ஓடிய உராய்வில் கட்டைக்கு அடியில் பனி லேசாக உருகியிருக்கும், நின்றதும் அது கட்டையோடு ஒட்டி உறையும். அதனால் நிறுத்தும் முன்பே இரண்டு மரக்கழிகளையோ ஸ்ப்ரூஸ் கிளைகளையோ குறுக்கே போட்டு, அவற்றின்மேல் ஏற்றி நிறுத்துவார்கள். மறந்தால் காலையில் ஒருவர் வாலைப் பிடித்து ஆட்ட, இன்னொருவர் மரச் சுத்தியால் கட்டையைத் தட்டிக்கொண்டிருக்கவேண்டும். பிறகு இறக்கைக்கு உறை, என்ஜினுக்குத் தரைவரை தொங்கும் கித்தான் கூடாரம்.

காலையில் அந்தக் கூடாரத்துக்குள் புளோ-பாட் என்ற பெட்ரோல் அடுப்பை ஏற்றிவைத்து ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருப்பார்கள். கூடவே ஓர் ஆள் தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே உட்காரவேண்டும். கார்புரேட்டரிலிருந்து ஒரு சொட்டு பெட்ரோல், அருகில் எண்ணெய் ஊறிய உறை, மேலே டோப் பூசிய துணி. தீப்பிடித்தால் அணைக்க ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது. காத்திருந்தவர் கண் அசந்ததால் எரிந்த விமானங்கள் வடக்கே உண்டு. புரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் இலகுவாகத் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். திரும்பினால் சுடச்சுட ஆயிலை ஊற்றி, கூடாரத்தை உருவி, உடனே ஸ்டார்ட். முதல் முயற்சி தவறி, இரண்டாவதும் தவறினால் ஆயிலைத் திரும்ப வடித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து. ரேடியல் என்ஜினில் இன்னொன்றும் உண்டு: நின்றிருக்கும்போது கீழ்ப்பக்க சிலிண்டர்களுக்குள் ஆயில் இறங்கித் தேங்கும். கையால் சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட்டரை அழுத்தினால் அமுக்க முடியாத ஆயிலில் பிஸ்டன் மோதிக் கனெக்டிங் ராடு வளையும். தடை தெரிந்தால் பின்பக்கமாகச் சுற்றிச் சரிசெய்யக் கூடாது, கீழ் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றித்தான் வடிக்கவேண்டும். பின்னோக்கிச் சுற்றினால் அந்த ஆயில் உறிஞ்சு குழாய்க்குள் போய் உட்கார்ந்து, ஸ்டார்ட் ஆனதும் திரும்பி வரும்.

கோடைக் கணக்கு வேறு. நார்ஸ்மேனுக்கு மாட்டியவை எடோ கம்பெனியின் 7170 மிதவைகள். அந்த எண் சும்மா இல்லை: ஒரு மிதவை முழுதும் மூழ்கினால் தாங்கும் எடை 7,170 பவுண்டு. இரண்டுக்கு 14,340. மிதவைகள் விமான எடையைப்போல் 1.8 மடங்காவது தாங்கவேண்டும் என்பது விதி, 14,340-ஐ 1.8-ஆல் வகுத்தால் 7,966. விமானத்தின் வரம்பு 7,540, ஆகப் போதும். ஆனால் மிதவைக்குள் தண்ணீர் கசிந்தால் இந்தக் கணக்கு பொய். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பம்ப் குழாய் இருக்கும், தினமும் காலையில் ஒவ்வொன்றாக இறைத்து எத்தனை தடவை தண்ணீர் வந்தது என்று எண்ணவேண்டும். நேற்று ஐந்து, இன்று இருபது என்றால் எங்கோ ஆணி விட்டிருக்கிறது. ஒரு காலன் தண்ணீர் 10 பவுண்டு. பின் அறையில் பத்துக் காலன் இருந்தால் ஓராள் வாலில் உட்கார்ந்த மாதிரி.

சுமையையும் பார்த்துவிடலாம். சக்கர நார்ஸ்மேனின் வெற்று எடை சுமார் 4,250 பவுண்டு. 7,400-ல் கழித்தால் மிச்சம் 3,150. இறக்கை டாங்குகளில் 100 காலன் பெட்ரோல் 720 பவுண்டு; மணிக்கு 25 காலன் குடித்தால் நாலு மணி நேரம். விமானி, ஆயில், அவசர உணவு, கோடாரி, உறைகள் எல்லாம் 400 என்று வையுங்கள். சுமார் 2,000 பவுண்டு கையில் நிற்கும், மிதவை மாட்டினால் அதிலும் சில நூறு குறையும். 45 காலன் பெட்ரோல் பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 370 பவுண்டு என்பதால், மிதவையில் நாலு பீப்பாய் ஏற்றினால் அளவு வந்துவிடும். மிதவைச் சட்டத்தில் வெளியே கட்டிப்போகும் படகு இந்தக் கணக்கில் எடையாக மட்டும் தெரியும். அது வால் மேல் விழும் காற்றைக் கலைப்பது எந்த அட்டவணையிலும் வராது.

காற்றே இல்லாத கண்ணாடித் தண்ணீர்தான் விமானிக்கு மிகவும் கெட்டது. கிளம்பும்போது மிதவை நீரோடு ஒட்டிக்கொள்ளும். வேகம் வந்ததும் கையிலுள்ள கட்டுப்பாட்டுச் சக்கரத்தை ஒரு பக்கம் திருகி ஒரு மிதவையை முதலில் உருவி எடுக்கவேண்டும், அல்லது முன்பே ஒரு வட்டம் ஓடி அலை உண்டாக்கி அதன் குறுக்கே கிளம்பவேண்டும். இறங்கும்போது உயரமே தெரியாது. கரையை ஒட்டி வந்து, என்ஜினைக் கொஞ்சம் கொடுத்தபடி, நிமிடத்துக்கு 150 அடி வீதம் மூக்கு சற்றே தூக்கிய நிலையில், தண்ணீர் தானாக வந்து தொடும்வரை கையை அசைக்காமல் இருக்கவேண்டும். 'இப்போது நீர் அருகில்தான்' என்று நினைத்துப் பவரை மூடியவர்கள் இருபதடியிலிருந்து விழுந்திருக்கிறார்கள்.

கனடாவுக்கு வெளியேயும் அதன் கதை உண்டு. நார்வே விமானப் படை போருக்குப் பின் ஓட்டியது. சுவீடனில் டிபி 78 என்ற பெயரில் ஓடியது. 1950-ல் அண்டார்டிகாவின் ஸ்டோனிங்டன் தீவில் கடல் உறைந்து கப்பல் நெருங்க முடியாமல் சிக்கியிருந்த பிரிட்டிஷ் ஆய்வாளர்களில் சிலரை எடுத்துவந்தது ஒரு நார்ஸ்மேன். நியூ கினியில் கிப்ஸ் செபிக் ஏர்வேஸ் மலைச்சரிவு ஓடுபாதைகளில் இதை ஓட்டியது. மால்டா வானில் பேர் வாங்கிய கனடா வீரர் ஜார்ஜ் பர்லிங் 20 மே 1948 அன்று ரோமின் ஊர்பே விமான நிலையத்தில் இறந்தது, இஸ்ரேலுக்குக் கொண்டுபோக இருந்த ஒரு நார்ஸ்மேனில். இன்றைக்கு ரெட் லேக் தன்னை உலகின் நார்ஸ்மேன் தலைநகரம் என்று சொல்லிக்கொள்கிறது. ஹோவி பே கரையில் சிஎஃப்-டிஆர்டி ஒரு தூண்மேல் நிற்கிறது, ஜூலையில் திருவிழாவும் உண்டு.

கடைசிக் கேள்வி, கால்வாயின் அடியில் அது கிடைக்குமா என்பது. பறக்கும் நார்ஸ்மேனையே பழுதுபார்ப்பவர்கள் எங்கே சுரண்டிப் பார்ப்பார்கள் என்று கவனித்தால் விடை கிடைத்துவிடும். உடல் சட்டத்தின் அடிக் குழாய்கள்தான் முதலில்: ஈரம் கீழே தேங்கிக் குழாய் உள்ளிருந்து அரிக்கும், வெளியே வண்ணம் பளபளக்கும், ஊசியால் குத்தினால் உள்ளே போகும். பிறகு இறக்கை உத்தரத்தின் பசை மூட்டுகள், வாலுக்குள் எலி கூடு கட்டி மூத்திரம் விட்ட இடங்கள். நல்ல நீர் ஏரியில், கூரைக்கடியில் வைத்தாலே இந்தக் கதி. உப்புத் தண்ணீரில் எண்பது வருஷம் கிடந்தால் துணி போயிருக்கும், மரத்தைக் கடல் புழு தின்றிருக்கும், மெல்லிய எஃகுக் குழாய் துருத்தூளாகியிருக்கும். விமான வடிவில் எதுவும் இருக்காது. மிஞ்சினால் ஒரு வாஸ்ப் என்ஜினும் புரொப்பெல்லர் குடமும். அதிலும் ஒரு சிக்கல், அதே என்ஜின் ஹார்வர்டிலும் உண்டு. ஆகவே வலையில் ஒரு வாஸ்ப் சிக்கியது என்றால் யாரும் துள்ளிக் குதிக்கவேண்டாம்; அதன் எண் தகடு படிக்க முடிகிறதா, அந்த எண் 44-70285-ன் பதிவோடு பொருந்துகிறதா என்று முதலில் கேட்கவேண்டும்.